நான்காம் வகுப்பில் ஒரு லே-ஆப்

தாமதமாக வந்த மாணவனை, மூன்று நாள் பள்ளிக்கே வராதே என்று திருப்பி அனுப்புவது எந்த வகையில் தண்டனையாகும் என்று கேட்டு என் மேசைக்கு ஒரு கோப்புகூட வந்ததில்லை. நான் கல்வித்துறை அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன். நாற்காலி உடைந்ததற்குக் கோப்பு உண்டு. அதற்கு நினைவூட்டு உண்டு, நினைவூட்டுக்கும் நினைவூட்டு உண்டு. பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்புவது மட்டும் எங்கும் வாயாலேயே நடந்துவிடுகிற காரியம். எனக்குத் தெரிந்து ஒரே ஒரு தலைமை ஆசிரியர்தான் அதை முறைப்படி, காகிதத்தில், முத்திரை குத்திச் செய்தார். அவர் என் தலைமை ஆசிரியர். அந்த முத்திரைதான் அவரைக் கவிழ்த்தது.

எங்கள் பள்ளி குன்னூருக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டை ஒட்டி இருந்தது. இரண்டு அறை, இரண்டு ஆசிரியர், ஐந்து வகுப்பு. தலைமை ஆசிரியர் ஊட்டியில் காந்தலில் குடியிருந்து தினமும் பஸ்ஸில் வந்தார். பனிமூட்டம் இறங்கினால் பஸ் தாமதமாகும். அன்று அவர் வருகைப் பதிவேட்டில் தன் பெயருக்கு எதிரே ‘பனிமூட்டம்’ என்று எழுதிக் கையெழுத்திடுவார். மேல் லைனிலிருந்து அதே பனிமூட்டத்துக்குள் நடந்து வந்த நாங்கள் தாமதமானால், எங்கள் பெயருக்கு எதிரே ‘ஒழுங்கீனம்’ என்று எழுதுவார். எஸ்டேட் தொழிலாளர் வீடுகள் வரிசையாகக் கட்டப்பட்டவை என்பதால் அவற்றை லைன் என்போம். வகுப்பில் பாதிப் பேர் லைன் பிள்ளைகள். மீதிப் பேர் பஜார் கடைக்காரர் பிள்ளைகளும் எஸ்டேட் ஆபீஸ்காரர் பிள்ளைகளும்.

தாமதம், நகம், குளிக்காதது, சிரிப்பு ஆகிய நான்கு குற்றங்களுக்கும் தண்டனை ஒன்றே: மூன்று நாள் வராதே. அரைத்தாள் ஒன்றைக் கிழித்து, காரணம் எழுதி, ஊதா மையில் வட்ட முத்திரை குத்திக் கையில் கொடுப்பார். நான் முதல் தாளைத் தாமதத்துக்காக வாங்கினேன். இரண்டாவதைச் சிரித்ததற்காக. காலை வணக்கத்தின்போது ஒரு நாய் வந்து வரிசையில் உட்கார்ந்து தலைமை ஆசிரியரைக் கவனமாகப் பார்த்தது. நாய்க்குத் தாள் எதுவும் கிடைக்கவில்லை.

மூன்று தாள் வாங்கினால் பதிவேட்டிலிருந்து பெயர் நீங்கும் என்று அவர் ஒரு விதி வைத்திருந்தார். அப்படி ஒரு விதி எந்த அரசாணையிலும் இல்லை. பிற்காலத்தில் தேடிப் பார்த்திருக்கிறேன். ஆனால் அன்று அது நடந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்த ஒருவன் பெயர் நீங்கி, எஸ்டேட் மேனேஜரான துரையின் பங்களா நாயை நடத்திச் செல்லும் வேலையில் இருந்தான். நாங்கள் கணக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருக்கும்போது சன்னலுக்கு வெளியே சீட்டியடித்தபடி போவான். எங்கள் எல்லோருக்கும் அவன்மேல் தீராத பொறாமை.

அந்த வருஷம் தேயிலை விலை விழுந்திருந்தது. ஃபேக்டரியில் இலை வாட்டும் மாடி வாரத்தில் பாதி நாள் காலியாகக் கிடந்தது. எஸ்டேட் ஆபீஸில் வாராவாரம் பெயர் எழுதித் தாள் கொடுத்தார்கள்: இன்னார் மூன்று நாள் வேலைக்கு வரவேண்டாம், லே-ஆப். அதுவும் அரைத்தாள்தான். அதிலும் ஊதா வட்ட முத்திரை. லே-ஆப் என்பது வேலை இல்லாததால் வீட்டில் இரு என்று நிர்வாகம் சொல்வது. அதில் யார் தப்பும் இல்லை. சும்மா இருக்கிற நாளுக்குப் பாதிக் கூலி தந்தாக வேண்டும் என்பது சட்டம்.

முதல் தாளோடு நான் வீட்டுக்கு வந்தபோது, அன்று லே-ஆப்பில் இருந்த என் அம்மா வாசலில் விறகு உடைத்துக்கொண்டிருந்தாள். தாளை வாங்கினாள். எழுத்து அவளுக்குக் கூட்டிப் படிக்கத்தான் வரும். முத்திரை சட்டென்று புரிந்தது.

“உங்களுக்கும் மூணு நாளா கண்ணு?” என்று கேட்டாள்.

நான் யோசித்தேன். மூன்று நாள் என்பது உண்மை. ஆமாம்மா என்றேன். அந்த ஒரு பதிலைத் தவிர அந்த விவகாரத்தில் நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. அதுவும் பொய் இல்லை. அம்மா தாளை மடித்து ரேஷன் கார்டு இருக்கும் தகர டப்பாவில் வைத்தாள். முத்திரை விழுந்த எந்தக் காகிதத்தையும் தொலைக்கக் கூடாது என்பது லைனில் எல்லா வீட்டுக்கும் பொது விதி.

சாயங்காலத்துக்குள் பள்ளிக்கூடத்திலும் லே-ஆப் என்ற செய்தி லைன் முழுக்கப் பரவி, யாருக்கும் ஆச்சரியம் தராமல் அடங்கியது. விலை விழுந்தது, ஃபேக்டரி நின்றது, பஜாரில் கடைக்காரர் பலகையைப் பாதிதான் திறந்து வைத்தார். பள்ளிக்கூடம் மட்டும் எப்படி முழு வாரம் ஓடும்? அப்பாவுக்கும் அது நியாயமாகவே பட்டது. தன்னோடு மகனும் லே-ஆப்பில் இருக்கிற நாட்களில் என்னை ஓடைக்கு அழைத்துப் போய், தண்ணீரில் மரச்சக்கரம் ஓடவிட்டுக் காட்டினார். என்னைப் போல் தாள் வாங்கியிருந்த மற்றப் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். அவர்கள் வீட்டிலும் இதே விளக்கம்தான் செல்லுபடியானது. யாரும் அடி வாங்கவில்லை. அவ்வளவு மகிழ்ச்சியான குற்றவாளிகளை நான் அதற்குப் பிறகு எந்த அலுவலகத்திலும் பார்க்கவில்லை.

மூன்றாவது தாள் சாக்குக் கொங்காணியால் வந்தது. மழைக்குத் தலையில் போட்டு வந்த சாக்கை வகுப்பறைக்குள் உதறினேன். தண்ணீர் வருகைப் பதிவேட்டின்மேல் தெறித்து மை கலங்கியது. இந்த முறை தாளில் இரண்டு வரி கூடுதலாக இருந்தது. தொடர் ஒழுங்கீனம் காரணமாக இம்மாணவன் பெயர் வரும் திங்கள் முதல் நீக்கப்படும் என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். வரும் வழியில் அதை எழுத்துக்கூட்டிப் படித்தேன். இனி எப்போதும் போகவேண்டாம் என்பது எனக்கு விளங்கியது. துரை பங்களாவில் இரண்டாவது நாய் ஏதாவது இருக்கிறதா என்று யோசித்துக்கொண்டே வீடு வந்தேன்.

வீட்டில் மாமா இருந்தார். அம்மாவின் தம்பி. செடிகளைக் கவ்வாத்து வெட்டும் வேலை. எஸ்டேட் தொழிலாளர் சங்கத்தின் கிளைச் செயலாளரும் அவர்தான். எனக்கு ஆறு வயதாக இருந்தபோது துரையை எதிர்த்துப் பேசினார் என்று அவரை இரண்டு மாதம் சஸ்பெண்ட் செய்து வைத்திருந்தார்கள். அந்த இரண்டு மாதமும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து எனக்குப் பட்டமும் மரவண்டியும் செய்து தந்தார். அதனால் எஸ்டேட் நிர்வாகத்தின்மேல் எனக்கு நன்றியுணர்ச்சி இருந்தது.

அம்மா தாளை வாங்கி, இவனுக்கு மறுபடியும் லே-ஆப் தம்பி என்று சொல்லிக்கொண்டே அவரிடம் நீட்டினாள். மாமாவுக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். முதலிலிருந்து கடைசி வரை மெதுவாகப் படித்தார். என்னைப் பார்த்தார். இன்னொரு முறை படித்தார். பிறகு தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“ஆமாக்கா, லே-ஆப்தான். இந்த மாதிரி தாளு யார் யார் ஊட்டுல இருக்குது?”

ஒழுங்கீனம் என்ற சொல் மாமாவுக்குப் புரியவில்லை என்று அப்போதே முடிவு செய்தேன். அவ்வளவு பேசுகிறவர் ஒரு நல்ல தமிழ்ச் சொல் தெரியாமல் இருக்கிறாரே என்று கொஞ்சம் இரக்கமும் வந்தது.

அன்று மாலை அவர் வீடு வீடாகப் போனார். எல்லாத் தகர டப்பாக்களும் திறந்தன. திரும்பி வந்தபோது கையில் ஒரு கத்தைத் தாள். வரிசையாகத் தரையில் பரப்பினார். மேல் லைன், கீழ் லைன், நடு லைன். பஜார் பிள்ளை பெயர் ஒன்றுமில்லை. ஆபீஸ்காரர் பிள்ளை பெயரும் இல்லை. லே-ஆப் என்றால் எல்லோருக்கும் முறை வைத்துப் பங்கிட வேண்டும், ஒரே ஆட்களை உட்கார வைப்பது தொழில் தகராறு என்றார் மாமா. அம்மாவுக்கு அது உடனே பிடித்துப் போயிற்று. ஞாயிற்றுக்கிழமை என் சட்டையைத் துவைத்துக் கரியடுப்புமேல் கட்டிக் காய வைத்தாள்.

திங்கள் காலை மூன்று பேர் தூதுக்குழுவாகப் போனோம்: மாமா, அம்மா, பாதிக்கப்பட்டவன் என்ற முறையில் நான். பனிமூட்டம் கனமாக இருந்தது. தலைமை ஆசிரியர் இன்னும் வரவில்லை. மணியடித்து வணக்கம் முடிந்து வாய்ப்பாடு தொடங்கிய பிறகுதான் மஃப்ளரும் குடையுமாக வந்து சேர்ந்தார். மாமா எழுந்து வணக்கம் சொல்லி, கத்தையை மேசைமேல் வைத்து, பேச்சுவார்த்தைக்கு வந்திருக்கிறோம் என்றார். லே-ஆப் கொடுத்தால் பாதிக் கூலி உண்டு. பிள்ளைகளுக்குக் கூலி என்பது மதியச் சோறு. எனவே அனுப்பப்பட்ட நாட்களிலும் மதியச் சோறு வேண்டும். முறையும் எல்லோருக்கும் சமமாக வரவேண்டும். இதை அவர் துரையிடம் பேசும் அதே குரலில், அதே பணிவோடு சொன்னார்.

தலைமை ஆசிரியர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“ஏனுங்க, இது பள்ளிக்கூடமுங்க. ஃபேக்டரி இல்லீங்க.”

“தெரியுமுங்க சார். ஃபேக்டரின்னா இந்நேரம் கேட்டுக்கு வெளிய நின்னு சத்தம் போட்டிருப்போமுங்க.”

“லே-ஆப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. இதெல்லாம் தண்டனை. உங்க பையன் என்ன செஞ்சான்னு கேளுங்க.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த இந்திய வரைபடத்தில் காஷ்மீரைப் பார்த்தேன். எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். மாமா மட்டும் பெரிய விஷயம் ஒன்று தெளிவானதுபோலத் தலையாட்டினார்.

“தண்டனைங்களா? அப்பச் செரிங்க. சார்ஜ் ஷீட் எப்பக் குடுத்தீங்க? பையங்கிட்ட வெளக்கம் எழுதி வாங்குனீங்களா? என்கொயரி வைக்காம ஆளை நிறுத்தறதுக்குத் தொரைக்கே அதிகாரம் இல்லீங்க சார்.”

தலைமை ஆசிரியர் மஃப்ளரை அவிழ்த்து மடியில் வைத்தார்.

“இப்பவும் ஒண்ணும் கெட்டுப் போகலீங்க. இன்னைக்கே என்கொயரி வெச்சுக்கலாம். லேட்டு வந்ததுதான் குத்தம்னா, அந்தந்த நாள்ல யாரு யாரு எத்தன மணிக்கு வந்தாங்கன்னு எல்லாரோட நேரத்தையும் எழுதி முன்னால வெச்சுருவோமுங்க. டீச்சரம்மா சாட்சி சொல்லட்டும்.”

எல்லாரோட என்ற சொல்லை அவர் அழுத்தவில்லை. அழுத்தாமல் சொன்னதால் அது அறை முழுக்கக் கேட்டது. பக்கத்து அறையில் வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சர் பன்னிரண்டாம் வாய்ப்பாட்டின் நடுவில் நிறுத்திவிட்டார். தலைமை ஆசிரியரின் குடையிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டிக்கொண்டிருந்தது.

ரெண்டில் ஒன்று சொல்லுங்கள் சார் என்றார் மாமா, மிகவும் அன்பாக. தண்டனை என்றால் விசாரணை. வேலை போதாமை என்றால் லே-ஆப்.

அரசு ஊழியன் முன் இரண்டு வழி இருந்தால் காகிதம் குறைவாக உள்ள வழியில்தான் போவான். சர்வீஸ் முழுக்க நானும் அதையே செய்தேன். எனவே அவரை நான் குறை சொல்லமாட்டேன். கொஞ்ச நேரம் கூரையைப் பார்த்தார். மேற்கு மூலையில் ஒழுகிக்கொண்டிருந்தது.

“ஒரு ரூம்பு ஒழுகுதுங்க. எடம் பத்தறதில்ல. அதுக்காகத்தான் ஒரு மாதிரி… லே-ஆப்புன்னே வெச்சுக்குங்க.”

ஒப்பந்தம் அங்கேயே எழுதப்பட்டது. தலைமை ஆசிரியரின் கையெழுத்து அழகாக இருந்ததால் அவரையே எழுதச் சொன்னார்கள். இட நெருக்கடி தீரும்வரை, பதிவேட்டு வரிசைப்படி, நாளைக்கு இரண்டு பிள்ளைகள் வீதம், ஒரு நாள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். பஜார், ஆபீஸ், லைன் என்ற வேறுபாடு இல்லை. வீட்டில் இருப்பவர்களுக்கும் மதியச் சோறு உண்டு. இவற்றோடு, இதுவரை கொடுத்த தாள்கள் எல்லாம் ரத்து, யார் பெயரும் நீக்கப்படாது, நீக்கிய பெயரும் திரும்பச் சேர்க்கப்படும் என்று ஒரு வரி. அது கடைசியில் வரவேண்டிய வரிதான். மாமா அதை முதலில் எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் அந்த இடத்தில் மட்டும் தனியாக ஒரு முத்திரை குத்தி வாங்கினார். மூன்று நாள் ஒரு நாளாகச் சுருங்கிய வருத்தத்தில் இருந்த எனக்கு, அந்த உபயோகமில்லாத வரிக்கு எதற்கு இவ்வளவு மெனக்கெடுகிறார் என்று எரிச்சலாக இருந்தது. அம்மா கைநாட்டு வைக்க மறுத்து, நேரம் எடுத்துக்கொண்டு, தன் பெயரை எழுதினாள்.

பிற்கால அறிவோடு சொல்வதானால், அந்த ஒப்பந்தம் எந்த வகையிலும் செல்லாது. பள்ளியோடு பேச்சுவார்த்தை நடத்தச் சங்கத்துக்கு அதிகாரம் இல்லை. பிள்ளைகளுக்கு லே-ஆப் கொடுக்கத் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரமே இல்லாத இரண்டு தரப்பு கூடி அவ்வளவு சரியான முடிவுக்கு வந்ததை நான் வேறெங்கும் கண்டதில்லை. அதிகாரம் உள்ளவர்கள் கூடியபோதும் கண்டதில்லை.

மறுநாளிலிருந்து பள்ளியின் முகமே மாறிவிட்டது. வீட்டுக்கு அனுப்பப்படுவது இப்போது யாருடைய குற்றமும் இல்லை, முறை. மளிகைக் கடைக்காரர் மகன் தன் முறை எப்போது என்று தினமும் பதிவேட்டை எட்டிப் பார்த்தான். தன் முறையை அடுத்தவனுக்குக் கொடுத்து இரண்டு பென்சில் வாங்கியவர்கள் இருந்தார்கள். தாமதமாக வருகிறவர்கள் குறைந்தார்கள். முறை தவறிப்போகும் என்ற பயம். துரை நாயை நடத்தியவன்கூட சீட்டியை நிறுத்திவிட்டுத் தன் பழைய இடத்தில் வந்து உட்கார்ந்தான், அவனுக்கும் ஒரு முறை வரும் என்று கேள்விப்பட்டு.

இரண்டாவது வாரம் பதிவேட்டில் என் பெயரும் அதற்கு அடுத்த பெயரும் ஒரே நாளில் வந்தன. அடுத்த பெயர் எஸ்டேட் பெரிய கிளார்க்கின் மகள். கறுப்பு ஷூ, வெள்ளைக் காலுறை, கோவையிலிருந்து வந்த ரோஜா நிற ஸ்வெட்டர். அதுவரை ஒரு தாள்கூட வாங்காதவள். அழுவாள் என்று எதிர்பார்த்தோம். காலை எட்டு மணிக்கே லைனுக்கு வந்து எங்கள் வாசலில் நின்று, லே-ஆப் எங்கே நடக்கிறது என்று கேட்டாள்.

அன்று ஃபேக்டரியும் லே-ஆப். கீழே போகும் சரிவில் புல் நனைந்து வழுக்கலாக இருந்தது. தேயிலைப் பெட்டி மூடிப் பலகையில் உட்கார்ந்து மேலிருந்து விட்டால் ஓடைக்கரை வரை நிற்காமல் போகும். பயப்படாமல் கால்களை மட்டும் தூக்கிக்கொள் என்று சொன்னேன். அவள் கால்களைத் தூக்கவில்லை. ஆனாலும் போனாள். வழியில் ஒரு ஷூ கழன்று வேறு திசையில் போயிற்று. ஓடைக்கரையில் சேற்றிலிருந்து எழுந்து, ஷூவைத் தேடாமல், பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினாள். பதினோராவது முறைக்குப் பிறகு நான் எண்ணுவதை விட்டுவிட்டேன். மதியம் ஒப்பந்தப்படி பள்ளிக்குப் போய் வரிசையில் நின்றோம். அவளிடம் தட்டு இல்லை; என் அம்மா கொடுத்தனுப்பிய தட்டில் கோதுமை உப்புமா வாங்கி, இன்னொரு கரண்டி கேட்டாள். அந்த வருஷத்தில் அவ்வளவு சந்தோஷமான முகத்தை அந்தப் பள்ளி கண்டிராது.

மறுநாள் பெரிய கிளார்க் பள்ளிக்கு வந்தார். மகளின் ஸ்வெட்டர் புல்கறையில் பச்சையாகியிருந்தது; ஒற்றை ஷூவைக் காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டு வந்திருந்தார். நாங்கள் எல்லோரும் வாய்ப்பாட்டை மெதுவாகச் சொன்னோம்.

“என் புள்ள என்ன தப்பு பண்ணுச்சுங்க சார்? எதுக்கு ஊட்டுக்கு அனுப்புனீங்க?”

“தப்பு ஒண்ணும் இல்லீங்க. லே-ஆப்புங்க. மொறைப்படிதான்.”

அந்தச் சொல்லை வாராவாரம் டைப் அடித்துக் கொடுக்கிறவர் அவர்தான். நிமிர்ந்து, ஒழுகும் கூரையைப் பார்த்தார். அந்த வார முடிவுக்குள் எஸ்டேட் தச்சர் இரண்டு பேர் ஏணியோடு வந்து, ஃபேக்டரித் தகரம் போட்டு மேற்கு மூலையை அடைத்துவிட்டுப் போனார்கள். இட நெருக்கடி தீர்ந்தது. லே-ஆப்பும் தீர்ந்தது. அதன் பிறகு தலைமை ஆசிரியர் யாருக்கும் தாள் கொடுத்து நான் பார்க்கவில்லை. தாமதமாக வந்தால் மூக்கைச் சிந்திவிட்டு உள்ளே போய் உட்காரச் சொன்னார்.

எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது. அடுத்த முறைக்கு நான் நாள் எண்ணிக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை மாமா குழாயடியில் முகத்துக்குச் சோப்புப் போட்டுச் சவரம் செய்துகொண்டிருந்தபோது நேராகப் போய் முறையிட்டேன். கூரையை அடைத்து நம் உரிமையைப் பறித்துவிட்டார்கள், ஒப்பந்தம் மீறப்பட்டது, சங்கம் உடனே போராட வேண்டும். அதோடு நிற்காமல், தாள்களை ரத்து செய்த அந்த வரியை எழுதச் சொன்னதற்குப் பதிலாக, லே-ஆப் எப்போதும் உண்டு என்று எழுத வைத்திருக்கலாம், அது அவருக்குத் தோன்றவில்லை என்பதையும் எடுத்துச் சொன்னேன்.

மாமா பிளேடைக் கீழே வைத்தார். சிரிக்கத் தொடங்கினார். சோப்பு நுரை வாய்க்குள் போய் இருமினார், இருமிக்கொண்டே சிரித்தார். என்ன என்று கேட்டு வந்த அம்மாவிடம் நான் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்ல முயன்று முடியாமல் குழாயைப் பிடித்துக்கொண்டார். அம்மா என்னை இழுத்து, விறகுத்தூள் ஒட்டிய கையோடு தலையை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்பா வேலி ஓரத்திலிருந்து கேட்டுவிட்டு வந்து சேர்ந்தார்.

கையில் இருந்த உரிமையை இப்படிக் கோட்டை விட்டுவிட்டு மூன்று பெரியவர்கள் கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறார்கள். சங்கத்தின்மேல் எனக்கு இருந்த மரியாதை அன்றோடு போயிற்று. கோபத்தில் மறுநாள் யாரோடும் பேசாமல், மணியடிப்பதற்கு முன்பே பள்ளிக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன்.